திருமறைக்காடு தன்காலில் நிற்குமா?

சென்னை மாநகரை 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மூழ்கடித்த பின்னரும், 2020-இல் கொள்ளைநோயின் பெயரால் ஊரடங்கு வந்து அரிசிக்கும் பாலுக்கும் மக்கள் வரிசையில் நின்ற பின்னரும், பேரூர்களில் வாழும் தமிழரிடையே ஒரு பேச்சு மெல்ல எழுந்துள்ளது. சிற்றூர்ப்புறத்தில் சிறிது நிலம் வாங்கி, தமக்கு வேண்டிய சோற்றையும் நீரையும் தாமே ஆக்கிக்கொண்டு, எப்பேரிடர் வரினும் பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டும் என்பதே அப்பேச்சு. நல்ல எண்ணந்தான். ஆனால் எந்த நிலம் அதற்கு ஏற்றது என்று கேட்டால், விடையிறுப்போர் அனைவரும் மலைச்சாரலையே சுட்டுகின்றனர். சிறுமலை என்பார் சிலர். கொல்லிமலை என்பார் சிலர். கடலோரத்தைச் சுட்டுவார் ஒருவரும் இலர்.

கடலோரத்திலும் கடைமடையிலும் இலக்கக்கணக்கான தமிழர் ஏற்கெனவே வாழ்கின்றனர் என்பதும், அவர்கள் மலைச்சாரலில் நிலம் வாங்கிக் குடியேறப் போவதில்லை என்பதும் இப்பேச்சாளர்க்கு நினைவில் இல்லை. தற்சார்பு என்பது பணமுள்ளவன் ஓடி ஒளியும் இடம் அன்று. இருக்கும் நிலத்தில் இருக்கும் மக்கள் நிலைத்து நிற்கும் வலிமையாகும். ஆகலின், எல்லா இடரும் ஒருங்கே வந்து மோதும் ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டு, அது தன்காலில் நிற்குமா என ஆய்வதே முறை. நாகை மாவட்டத்தின் தென்கோடியில், கிழக்கே வங்கக்கடலும் தெற்கே பாக்கு நீரிணையும் சூழ, தமிழகக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் அமைந்துள்ள திருமறைக்காட்டு வட்டம் அத்தகைய நிலம்.

அரசு ஏடுகள் இதனை வேதாரண்யம் என்று எழுதுகின்றன. தேவார மூவர் காலத்தில் இது மறைக்காடு. மறையை வேதமாக்கி, காட்டை ஆரண்யமாக்கி, ஊரின் பெயரையே வடமொழியில் பெயர்த்து வைத்த கதை தமிழகத்திற்குப் புதிதன்று. மயிலாடுதுறை மாயூரமானதும், மறைக்காடு வேதாரண்யமானதும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். இங்கு இது வேண்டாத ஆய்வு எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஊர்ப்பெயரை இழந்தவன் அவ்வூரின் நிலக்குறிப்பையும் இழக்கிறான் என்பது சற்றுப் பின்னர் விளங்கும்.

வள்ளுவர் ‘நாடு’ என்னும் அதிகாரத்தில் ஒரு நாட்டிற்கு உறுப்புகளாக நிலத்து நீரையும் மழைநீரையும், மலையையும், அதிலிருந்து இழிந்துவரும் ஆற்றையும், வலிய அரணையும் எண்ணினார். இதனினும் சிறந்த அளவுகோலை எந்த அயல்நாட்டு அறிஞனும் செய்து தந்ததில்லை. இவ்வளவுகோலை மறைக்காட்டின்மேல் வைத்துப் பார்த்தால், மலை அறவே இல்லை. வருபுனல் உண்டு, ஆனால் அது பிறர் கையில் உள்ளது. இருபுனலும் உண்டு, ஆனால் நிலத்துநீர் உவரின்மேல் மிதக்கிறது. அரண் உண்டு, அது மணலால் ஆனது.

வருபுனலை முதலில் பார்க்கலாம். காவிரியின் கிளையாகிய வெண்ணாற்றினின்று பிரியும் அடப்பாறும் முள்ளியாறும் அரிச்சந்திர ஆறும் இப்பகுதியை நோக்கியே வந்து கடலில் கலக்கின்றன. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது முதல், ஆண்டுதோறும் சூன் 12-ஆம் நாள் அணை திறப்பது மரபு. அந்நீர் கல்லணை கடந்து, தஞ்சை கடந்து, மன்னார்குடி கடந்து, கடைமடைக்கு வந்து சேரும்போது எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை அங்குள்ள உழவனே சொல்லவேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தமிழக எல்லையில் தரவேண்டிய நீரை ஆண்டுக்கு 19,200 கோடிக் கன அடி என்று வரையறுத்தது. உச்ச முறைமன்றம் 2018 பிப்பிரவரியில் அதனை 17,725 கோடிக் கன அடியாகக் குறைத்தது. குறைந்த 1,475 கோடிக் கன அடியின் முதல் இழப்பு யாருக்கு? வாய்க்காலின் தலைமாட்டில் இருப்பவனுக்கன்று, கால்மாட்டில் இருப்பவனுக்கே. ஒரு நிலத்தின் உயிர்நீர் வேற்று மாநிலத்தின் மனநிலையையும் தில்லியின் தேர்தல் கணக்கையும் பொறுத்திருக்குமாயின், அந்நிலம் அந்நீரைத் தன்னுடையது என்று கணக்கில் எழுதலாகாது. வந்தால் வாழ்த்தலாம்; நம்பிச் சோற்றுக்கு உலை வைக்கலாகாது. உரிமைக்கான போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். அது தொடரவேண்டும். ஆனால் போராட்டம் வெல்லும் வரை உண்பதற்கு என்ன வழி என்பதும் போராட்டத்தின் ஒரு பகுதியே.

இனி வான்புனல். இவ்வட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெரும்பகுதி துலை, நளி, சிலைத் திங்கள்களில் (ஐப்பசி முதல் மார்கழி வரை) வடகிழக்குப் பருவக் காற்றால் வருவது. இது சிறிய அளவன்று. தமிழகத்தின் உள்மாவட்டங்கள் பல இதனில் பாதிக்கும் சற்று மேலான மழையைக் கொண்டே பயிர் செய்கின்றன. ஒரு சிறிய வீட்டின் கூரை 40 சதுர மீட்டர் என்று கொண்டால், அதன்மேல் ஓராண்டில் விழும் நீர் 52,000 இலிட்டர். ஐந்திலொரு பங்கு வீணாயிற்று என்று தள்ளினாலும் 41,000 இலிட்டருக்குக் குறையாது. ஐவர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 இலிட்டர் வேண்டும் என்றால், ஓராண்டுத் தேவை 18,250 இலிட்டர்தான். மழையில்லாத ஒன்பது திங்களுக்குச் சேமிக்கவேண்டியது ஏறத்தாழ 13,500 இலிட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஐந்தடி ஆழமுள்ள ஒரு மூடிய தொட்டியில் இது அடங்கும். கூரைமேல் விழும் நீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, நெடுந்தொலைவிலுள்ள கொள்ளிடத்திலிருந்து குழாய்வழி வரும் நீருக்குக் குடத்தை வைத்துக் காத்திருப்பது இவ்வட்டத்தின் இன்றைய நிலை.

அக்காத்திருப்பின் பொருள் என்ன என்பதை 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலை உணர்த்திற்று. ‘கசா’ என்று இலங்கை பெயர் சூட்டிய புயல் (யானை என்னும் பொருள்தரும் வடசொல் அது, பெயருக்கேற்பவே மிதித்தது) நாகைக்கும் மறைக்காட்டிற்கும் இடையே கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் புயல் சென்ற மாவட்டங்களில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்கம்பம் சாய்ந்தால் விளக்கு எரியாது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் விளக்கினும் முன்னே நின்றது குடிநீர். நீரேற்றும் பொறி நின்றது, மேல்நிலைத் தொட்டி வற்றியது, குழாய் வறண்டது. சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிநீர் கேட்டுச் சாலையில் மறியல் செய்யும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். செல்பேசிக் கோபுரங்களும் ஊமையாயின. சாலைகளின் குறுக்கே மரங்கள் கிடந்தன. சில ஊர்களுக்கு மின்னாற்றல் திரும்ப வாரக்கணக்காயிற்று. வீட்டுப்புறத்தே பத்தடித் தொட்டி ஒன்று இருந்திருப்பின் அவ்வீட்டார் எவரையும் நாடியிரார்.

நிலத்துநீரைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இவ்வட்டத்தின் உண்மையான செல்வம் அதுவே. மறைக்காட்டு நிலத்தை மேலிருந்து பார்த்தால் கடற்கரைக்கு இணையாக மணல்மேடுகள் வரிவரியாக ஓடுவதும், அவற்றின் இடையே தாழ்ந்த களிநிலம் கிடப்பதும் தெரியும். அம்மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் கடற்கரை என்பர் நிலநூலார். கடல் பின்வாங்கப் பின்வாங்கப் பழைய கரைகள் மேடுகளாய் எஞ்சின. இம்மணல்மேட்டில் பெய்யும் மழை கீழிறங்கி, உவர்நீரினும் எடை குறைந்ததாதலின் அதன்மேல் மிதந்து நிற்கிறது. சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். ஆசைப்பட்டு ஆழத் தோண்டினால் உவர். முன்னோர் இதனை அறிந்தே மணற்கொல்லைகளில் ஆழமற்ற கேணிகள் வெட்டி, குடத்தால் முகந்து புகையிலைக்கும் கடலைக்கும் ஊற்றினர். குடத்தால் முகப்பவன் எவ்வளவு முகப்பான்? அவன் கை சோரும் அளவே. அச்சோர்வே நீருக்குக் காவலாயிருந்தது. இன்று பொறி முகக்கிறது, பொறிக்குச் சோர்வில்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் எடை கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை உவரை அழுத்தி வைக்கும் என்பது இயற்பியல். அவ்வோரடியை உறிஞ்சிவிட்டால் கீழேயுள்ள உவர் நாற்பதடி மேலெழும். எழுந்த உவரைத் திரும்ப இறக்க ஒரு மழைக்காலம் போதாது.

இங்கேதான் ஊர்ப்பெயர்களைக் காணவேண்டும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், கத்தரிப்புலம், குரவப்புலம் என இவ்வட்டத்தில் ‘புலம்’ என முடியும் ஊர்கள் பல. வாய்மேடு என மேட்டின் பெயரால் ஓர் ஊர் உண்டு. வெள்ளப்பள்ளம் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கும் ஊரும் உண்டு. கடிநெல்வயல் உண்டு, ஆறுகாட்டுத்துறை உண்டு. மேடு எது, பள்ளம் எது, வயல் எது, துறை எது என்று பெயரிலேயே எழுதி வைத்துச் சென்றனர் முன்னோர். பேரிடர்க் காப்புக்கென நிலவரைபடம் வரையும் அலுவலர்கள் ஆங்கிலத்தில் எழுதிய தடித்த அறிக்கைகளைப் புரட்டுகின்றனர். ஊர்ப்பெயரைத் தமிழாகப் படிக்கத் தெரிந்த ஒரு பள்ளி மாணவனைக் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். பள்ளத்தில் தொகுப்பு வீடு கட்டுவதும், களஞ்சியம் எழுப்புவதும், பின்னர் வெள்ளம் வந்தது என்று வியப்பதும் மொழியறியாமையின் விளைவு என்றால் அது மிகையன்று.

சோற்றுக் கணக்கிற்கு வருவோம். ஐவர் குடும்பத்தில் ஆளுக்கு 400 கிராம் அரிசி என்றால் நாளொன்றுக்கு 2 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. நெல்லாகக் கொண்டால் ஏறத்தாழ 1,100 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில் பதினெட்டுக்கு மேல். கடன் வாங்கி உரமிடாது மரபுநெல் பயிரிட்டால் மூன்று மா நிலம், அஃதாவது ஓர் ஏக்கர், நல்ல ஆண்டில் இதனைத் தரும். அறுவடைக்குப் பின் அதே வயலில் உளுந்தும் பயறும். மணற்புறத்தில் கடலையும் காய்கறியும், வேலியில் முருங்கை, கடலில் மீன், காலடியில் உப்பு. உணவைப் பொறுத்தவரை தமிழகத்தில் இவ்வளவு பொருளும் ஒரே வட்டத்துக்குள் கிடைக்கும் இடங்கள் மிகச் சிலவே. மருதமும் நெய்தலும் இங்கே கைகோத்துக் கிடக்கின்றன.

ஆனால் எந்த நெல்? சம்பாப் பயிர் வயலில் நிற்கும் நளித் திங்களிலேதான் புயலும் வருகிறது. 1952 நவம்பர் இறுதியிலும், 1955 திசம்பர்த் தொடக்கத்திலும், 1977 நவம்பர் 12-லும், 2018 நவம்பரிலும் வந்தவை அனைத்தும் இப்பருவத்தனவே. 1977-இல் வந்த புயல் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நாற்றிலேயே மூழ்கினால் அழுகும் நெல்லும், கடல்நீர் ஒருமுறை புகுந்தால் கருகும் நெல்லும் இந்நிலத்துக்கு ஆகா. இக்கடலோர உவர்நிலத்தில் வழிவழியாக விளைந்தவை குழியடிச்சானும் சிவப்புக் குடவாழையும். தாழ்ந்த வயலில் நீர் ஏற ஏறத் தானும் உயரும் காட்டுயானம் இன்னொன்று. 1966-இல் ஐ.ஆர். 8 வந்து சேர்ந்தபின் இவை ‘நாட்டு நெல்’ என இழித்துரைக்கப்பட்டு விதையும் இன்றி மறைந்துகொண்டிருந்தன. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை விழுங்கி, வயல்களில் உப்பை விட்டுச் சென்றபோது, நம்மாழ்வார் உழவரோடு நின்று, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவியும், தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதும், அந்நிலங்களை மீண்டும் விளைநிலமாக்கும் வழியைக் காட்டினார். மரபு விதைகளை ஊர்ஊராய்த் தேடிச் சேர்த்துத் திருவாரூர் மாவட்ட மண்ணிலிருந்து பரப்பிய நெல் செயராமன் 2018-இல் மறைந்தார். அவர்கள் இருவரும் விட்டுச்சென்ற விதை இன்று சிற்சில உழவர் வீட்டில் உள்ளது. அது வட்டத்திலுள்ள ஒவ்வோர் ஊரின் களஞ்சியத்திலும் இருக்கவேண்டும். பயிர் அழிந்த ஆண்டில் மறு விதைப்புக்கு விதை கிடைக்காமற் போவது, பயிர் அழிவதினும் கொடிது. முன்னோர் பத்தாயத்திலும் குதிரிலும் ஓராண்டு உணவுநெல்லோடு விதைநெல்லும் வைத்திருந்தனர். இன்று அறுத்த நெல் களத்து மேட்டிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. உழவன் பின்னர்ப் பங்கீட்டுக் கடையில் அரிசிக்கு நிற்கிறான். பங்கீட்டுக் கடை வேண்டாம் என்பதன்று கருத்து. ஏழைக்கு அது உயிர். ஆயினும் சாலை துண்டிக்கப்பட்ட பத்து நாளும் அக்கடைக்கு வண்டி வாராது என்பதை உழவன் மறத்தலாகாது.

மரங்களின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. கசாவில் வீழ்ந்த தென்னைகள் இலக்கக்கணக்கானவை. மாவும் சவுக்கும் முந்திரியும் எண்ணற்றவை. தென்னம்பிள்ளை வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு ஆண்டு. அத்தனை ஆண்டும் அக்குடும்பம் எதைத் தின்னும்? தென்னை ஒன்றையே நம்பியிருந்த வீடுகளின் இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் போயினர். ஆனால் அதே காற்றில் பனை நின்றது. எழுபது எண்பது ஆண்டுப் பனைகள் 1952-ஐயும் கண்டு 1977-ஐயும் கண்டு 2018-ஐயும் கண்டு நிற்கின்றன. நுங்கும் பதநீரும் கிழங்கும் ஓலையும் கட்டையும் தரும் இம்மரத்தைச் செங்கல் சூளைக்கு வெட்டி விற்றவர் தமிழரே. இதில் தில்லியைக் குறைசொல்ல வழியில்லை. நெய்தல் நிலத்திற்கே உரிய புன்னையும் அவ்வாறே மறக்கப்பட்டது. அதன் கொட்டையில் எண்ணெய் மிகுதி; நாகை மாவட்டத்திலேயே உழவர் ஒருவர் புன்னையெண்ணெயைக் கொண்டு நீரிறைக்கும் பொறியை ஓட்டிக் காட்டியுள்ளார். எரிநெய் ஏற்றிவரும் வண்டி நின்றாலும் கேணிநீர் ஏறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அரணைப் பற்றியும் ஒரு சொல். நாலுவேதபதி என்னும் கடலோர ஊரார் 2002-இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னசு ஏட்டில் இடம்பெற்றனர். அன்று அது ஒரு புகழாசை என்றே பலர் எண்ணியிருப்பர். இரண்டாண்டு கழித்து ஆழிப்பேரலை வந்தபோது அம்மரத்தொகுதி அலையின் வேகத்தை உடைத்தது. பக்கத்துக் கடலூர்கள் பலவற்றொடு ஒப்பிட அவ்வூரில் சாவு மிகக் குறைவு. மேற்கே முத்துப்பேட்டையை ஒட்டிய அலையாத்திக் காடும் அவ்வாறே. அலையை ஆற்றுவது அலையாத்தி. பெயரே அதன் பணியைச் சொல்லும். மணல்மேடும், அதன்மேல் மரமும், உப்பங்கழியில் அலையாத்தியும் சேர்ந்ததே மறைக்காட்டின் வல்லரண். மணலை அள்ளி விற்பவன் கோட்டைச் சுவரை இடித்து விற்பவனே.

இவ்வரணில் முதலில் ஓட்டை இட்டது இறால் பண்ணை. 1990-களில் நாகைக் கடலோரத்தில் நெல்வயல்களை வளைத்து உவர்நீர் தேக்கி வெளிநாட்டுக்கு இறால் வளர்த்தனர். சங்கரலிங்கம் செகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச முறைமன்றம் 1996 திசம்பரில் அப்பண்ணைகளைக் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியினின்று அகற்றுமாறு தீர்ப்பளித்தது. ஏழை உழவன் வென்றான் என்றே எல்லாரும் மகிழ்ந்தனர். 2005-இல் தில்லிப் பாராளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்புக்கென ஓர் ஆணையத்தை ஏற்படுத்தும் சட்டம் இயற்றி, அத்தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. வெளிநாட்டுச் செலாவணிக்கு மதிப்புண்டு. கேணியின் நன்னீருக்கு மதிப்பில்லை. 2020-இல் தமிழக அரசு காவிரிப் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது நல்லதே. எனினும் எண்ணெய்க் கிணறுகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க அச்சட்டம் இடந்தருகிறது என்பதும் மெய்.

உப்பு இவ்வட்டத்தின் புகழ். தூத்துக்குடிக்கு அடுத்துத் தமிழகத்தில் உப்பு மிகுதியாய் விளைவது இங்கேதான். 1930 ஏப்பிரலில் திருச்சியிலிருந்து நடந்துவந்து அகத்தியன்பள்ளியில் உப்பெடுத்தார் இராசாசி (எட்டாண்டு கழித்துப் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே). கைப்பிடி உப்புக்கு வரி கேட்ட வெள்ளையன் போயினான். ஆயினும் இன்று அயோடின் சேராத உப்பை உண்பதற்கென விற்றல் 2006 முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. நோய்த்தடுப்புக் கருதியது என்பர். அக்கருத்தில் உண்மையும் உண்டு. ஆனால் அயோடின் சேர்க்கும் பொறி ஊர்தோறும் கூட்டுறவாக நிறுவப்படாததனால், சிற்றளத்தான் விளைத்த உப்பு மலிவு விலைக்கு மூட்டையாய்ப் போய், பை கட்டிய உப்பாய் அவன் வீட்டுக்கே திரும்பி வருகிறது. மீன் உப்பிட்டு உலர்த்துவதும் புயற்காலத்துக்கு ஏற்ற பழைய உணவுச் சேமிப்பு. கருவாட்டுக்குச் செலவாகும் உப்பை எச்சட்டமும் தடுக்கவில்லை.

எச்சரிக்கை மொழியைப் பற்றி எழுதாமல் விடுதல் ஆகாது. புயல் வருமுன் வானொலியும் தொலைக்காட்சியும் ‘ரெட் அலர்ட்’ என்கின்றன. ஆறுகாட்டுத்துறை மீனவனுக்கு அதனால் தெரிவது என்ன? துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண் அவனுக்குத் தெரியும். அதனினும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுப்பெயர்கள் அவன் குருதியில் ஊறியவை. புயலின் நடு ஊரின்மேல் கடக்குமாயின், முதலில் வாடைப்புறத்துக் காற்று வீசி, பின் திடுமென ஓய்ந்து, சிறிது பொழுதில் தென்புறத்துக் காற்று முன்னினும் வெறியோடு எழும். இடையே வரும் ஓய்வைப் புயல் முடிந்தது என்று மயங்கி வெளியே வந்தவர் மாண்ட கதைகள் எல்லாப் புயலிலும் உண்டு. “வாடை நின்றால் வெளியே வாராதீர், சோழகம் இன்னும் வரவில்லை” என்ற ஒரு வரி, நூறு ‘அலர்ட்’டுகளினும் உயிர் காக்கும். தமிழில் அறிவித்தல் மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்ப்பற்றும் ஆகும்.

இனி, பிறர் உதவி எவ்வளவு வரும் என்பதற்கும் கசாவே கணக்கு. தமிழக அரசு கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி உருவா. நடுவணரசு பேரிடர் நிதியிலிருந்து ஒப்பியது 1,146 கோடி. பதின்மூன்றில் ஒரு பங்கு என்க. தமிழகம் ஆண்டுதோறும் தில்லிக்கு வரியாகச் செலுத்துவதை நினைத்துப் பார்ப்பவர்க்கு இது கொடை அன்று, தன் பணத்தில் வந்த சில்லறை என்பது விளங்கும். உரிமைக்குரல் எழுப்பவேண்டியதே. ஆனால் அப்பணம் ஒப்பளிக்கப்பட்டது புயல் அடித்து ஆறு கிழமைக்குப் பின்னர். முதல் பத்து நாளில் சாலை மரத்தை வெட்டி வழி திறந்தவர் ஊராரே. பந்தலிட்டுக் கஞ்சி ஊற்றியவர் பக்கத்து மாவட்டத் தமிழரே.

ஆகவே விடை இது. உணவால் மறைக்காடு தன்காலில் நிற்கும், இதில் ஐயமில்லை. குடிநீரால் இன்று நிற்கவில்லை. கூரைநீரும் கேணிநீரும் காக்கப்பட்டால் நிற்கும். தொழிலாலும் துணியாலும் இரும்பாலும் மருந்தாலும் எந்த வட்டமும் தனித்து நிற்காது, நிற்கவேண்டியதும் இல்லை. ஒரு குடும்பம் ஒரு வேலிக்குள் எல்லாம் ஆக்கிக்கொள்வது என்பது மேனாட்டார் கனவு. புலத்து ஊர் கடலையும் காயும், வயல் ஊர் நெல்லும், துறை ஊர் மீனும், அளத்து ஊர் உப்பும் தந்து தமக்குள் மாற்றிக்கொண்டதே இவ்வட்டத்தின் பழைய இயல்பு. மலைச்சாரலில் தனித்து வேலியடைத்துக்கொள்பவனுக்கு உப்புக்கும் இவ்வூராரிடமே வரவேண்டியிருக்கும்.

செய்யவேண்டியவை பெரும்பொருட் செலவினவும் அல்ல. ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் உயர்ந்த மணற்புலத்தைக் கண்டு, அதில் ஊர்க் களஞ்சியம் ஒன்றை எழுப்பி, ஓர் ஆண்டு உணவுநெல்லில் மூன்றிலொரு பங்கையும் மறுவிதைப்புக்கான குறுகிய பருவ விதையையும் வைக்கலாம். பள்ளிக் கட்டடங்களின் கூரைநீர் முழுவதும் தொட்டியில் இறங்கவேண்டும். புயல்நாளில் மக்கள் தங்குவது அங்கேதான் அன்றோ? மரம் அறுக்கும் வாளும் கயிறும் ஊருக்கு இரண்டு தொகுதியாவது ஆயத்தமாய் இருக்கவேண்டும். கடலோரம் பனையும் புன்னையும் பூவரசும் கலந்து நடவேண்டும். ஆழ்துளைக் கிணற்றை மணற்புலத்தில் அறவே தடுக்க ஊராட்சித் தீர்மானம் வேண்டும். இதற்கு எதிர்ப்பு வரும்; முதலில் எதிர்ப்பவர் ஊரில் நிலம் மிகுதியாய் உள்ளவராகவே இருப்பர்.

தொட்டி வெட்டுவதற்கு விடை, ஆடவைத் திங்கள்களே (வைகாசி, ஆனி) ஏற்றவை. அப்போது மணல் வறண்டு ஊற்று தாழ்ந்திருக்கும். சுவர் காய்வதற்கும் துலை மழை வரை நாள் உண்டு.